தேகாப்பியாசப் படமும் வீட்டுத் தொலைக்காட்சியும்

வீட்டுக் கூடத்தில் நின்றபடி, திரையில் தெரியும் ஆசானைப் பார்த்துத் தேகாப்பியாசம் செய்வது நம் தலைமுறை கண்டுபிடித்த புதுமை அன்று. ஜாக் லலேன் என்ற அமெரிக்கர் 1951-ஆம் ஆண்டிலேயே ஸான் பிரான்ஸிஸ்கோவில் தொலைக்காட்சி வாயிலாக, சாதாரண நாற்காலி ஒன்றைத் துணையாக வைத்துக்கொண்டு, வீட்டுப் பெண்மணிகளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை நடத்திவந்தார். 1982-இல் ஜேன் ஃபாண்டா என்ற திரைப்பட நடிகையின் பயிற்சிப் படம் வீடியோ காஸெட்டாக வெளிவந்து பரவியபோதுதான், நிலையத்தார் குறித்த நேரத்துக்குக் காத்திராமல், தமக்குத் தோதான வேளையில் போட்டு, மூச்சு வாங்கும்போது நிறுத்தி, மறுபடி தொடங்கிக்கொள்ளும் ஸ்வதந்திரத்தின் ருசி ஜனங்களுக்குத் தெரிந்தது. காஸெட்டைச் செருகினால் அது ஓடும். அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை. இன்றோ படம் கைப்பேசிக்குள் இருக்கிறது, தொலைக்காட்சி சுவரில் இருக்கிறது, இரண்டுக்கும் இடையே ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. வழிகள் பலவாக இருப்பதாலேயே, விடியற்காலையில் பாயை விரித்துவிட்டு நிற்கிறவர் எதில் போவது என்று திகைத்து, கருவிகளோடு கால்மணி நேரம் மல்லாடிக் களைத்து, தேகாப்பியாசத்தை நாளைக்கு ஒத்திப்போட்டுவிடுகிறார்.

சினிமா பார்ப்பதற்கு உகந்த வழி தேகாப்பியாசத்துக்கும் உகந்ததாக இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. சினிமா பார்க்கிறவர் சாய்ந்து உட்கார்ந்தால் இரண்டரை மணி நேரத்துக்கு அசையமாட்டார். ஆகவே படம் தொடங்குமுன் ஐந்து நிமிஷம் சிரமப்படுவது அவருக்கு ஒரு பொருட்டே அன்று. பயிற்சி செய்கிறவரோ தூக்கக் கலக்கம் தீராமல் எழுந்து வருகிறவர். அரைமணி நேரத்துக்குமேல் ஒதுக்க இயலாதவர். நடுவே, வியர்த்த கையோடு தரையில் கிடந்தபடியே, படத்தை நிறுத்தவும் பின்னுக்குத் தள்ளி ஓர் அசைவை மறுபடி பார்க்கவும் வேண்டியவர். ஆகையால் படத்தின் துல்லியத்தைக் காட்டிலும், தொடங்குவதற்கு எத்தனை படி ஏறவேண்டும், நடுவில் எது வந்து குறுக்கிடும், நிறுத்தும் பொத்தான் கைக்கு எட்டுமா என்ற மூன்று கேள்விகளே இங்கே பிரதானம் என்பது என் அபிப்பிராயம். கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்துவைத்து, கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்ப்பது தொலைக்காட்சி இல்லாதவருக்கு வேறு கதியில்லாமல் செய்கிற காரியம். சுவரில் பெட்டி இருக்கிறவர் அப்படித் துன்பப்படுவதற்கு நியாயமே இல்லை.

வழிகளை ஒப்பிடுமுன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். யூடியூப் செயலிக்குள்ளேயே இறக்கிவைத்த படம், அந்தச் செயலி தன் பொறுப்பில் பூட்டிவைத்திருக்கும் பொருளே அன்றி, உங்கள் கையிலுள்ள கோப்பு அன்று. கைப்பேசியின் கோப்புறைகளைத் துழாவினாலும் அது அகப்படாது. பென் டிரைவில் நகலெடுக்கவும் முடியாது. அவ்வப்போது இணையத்தோடு சேர்ந்து உரிமையைப் புதுப்பித்துக்கொள்ளாவிட்டால் ஒருநாள் திறக்கவும் மறுக்கும். அதைவிட வேடிக்கை, அந்தப் படத்தைச் செயலியிலுள்ள ‘காஸ்ட்’ பொத்தானை அழுத்தித் தொலைக்காட்சிக்கு அனுப்பினால், தொலைக்காட்சி நீங்கள் இறக்கிவைத்ததைத் தொடுவதே இல்லை. அது தானாகவே இணையத்துக்குப் போய் அதே படத்தைப் புதிதாக வாங்கிவந்து காட்டுகிறது. இணையம் தடைப்படும் என்று அஞ்சியே இறக்கிவைத்தவருக்கு இதனால் எள்ளளவும் பிரயோஜனம் இல்லை. பயிற்சியாளர் விலைக்கு விற்கும் எம்பி4 கோப்பு, அவர் டெலிகிராமில் அனுப்பிவைக்கும் வகுப்பு, நாமே கைப்பேசியில் பதிவுசெய்துகொண்ட யோகாசன வகுப்பு ஆகியவை வேறு ஜாதி. இவை மெய்யான கோப்புகள், இவற்றை எங்கும் எடுத்துச் செல்லலாம். ஆகவே பயிற்சித் தொகுப்பு எதையும் பணம் கொடுத்து வாங்குமுன், கோப்பாகவே கைக்கு வருமா, அல்லது செயலிக்குள் மட்டும் பார்க்கமுடியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது உத்தமம். பூட்டை உடைத்துத் தருவதாகச் சொல்லும் இணையத்தளங்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். படைத்தவருக்குச் செய்யும் அநியாயம் ஒருபுறமிருக்க, அத்தகைய தளங்களின் விளம்பரங்கள் வழியே கணினிக்குள் வந்து குடியேறும் விஷக்கிருமிகளை விரட்டுவது பெரும்பாடு.

மெய்யான கோப்பு கையில் இருக்கிறவருக்கு, எல்லா வழிகளிலும் எளியது பென் டிரைவே. அதைத் தொலைக்காட்சியின் பக்கவாட்டிலுள்ள யூஎஸ்பி துளையில் ஒருமுறை செருகி அங்கேயே விட்டுவிட்டால், மறுநாள் காலையில் ரிமோட்டில் ‘சோர்ஸ்’ பொத்தானை அழுத்தி, யூஎஸ்பியைத் தேர்ந்து, படத்தின் பெயர்மேல் ‘ஓகே’ அழுத்த வேண்டியதுதான். இணையம் வேண்டாம், கைப்பேசி வேண்டாம்; பலகை நிலையில் கைகள் நடுங்கிக்கொண்டிருக்கையில் குறுக்கே வந்து மாவு விற்கும் விளம்பரமும் இல்லை. நிறுத்தும் அதிகாரம் முழுவதும் ரிமோட்டில் இருப்பதால், அதைப் பாயின் ஓரத்தில் வைத்துக்கொண்டால் எழுந்திருக்கவே தேவையில்லை. கணினி இல்லாத வீட்டிலும் இது சாத்தியம்: ஒரு முனை கைப்பேசிக்கும் மறுமுனை தொலைக்காட்சிக்கும் பொருந்தும் ஓடிஜி பென் டிரைவ்கள் கைப்பேசிக் கடைகளில் கிடைக்கின்றன, கைப்பேசியில் செருகி, கோப்பு செயலியைத் திறந்து, ‘டவுன்லோட்ஸ்’ உறைக்குள் இருக்கும் படத்தை நகலெடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு எளிய வழியைப் பலர் ஒருமுறை முயன்று கைவிட்டதற்குக் காரணம், முதல்நாள் அது காட்டும் பிடிவாதமே. பென் டிரைவைத் தொலைக்காட்சி கண்டுகொள்ளவே இல்லையென்றால், குற்றம் பெரும்பாலும் அதன் வடிவமைப்பு முறையில் இருக்கும். 32 ஜிபி வரையுள்ள பென் டிரைவ்கள் வழக்கமாக ஃபேட்32 என்ற முறையிலும், 64 ஜிபியும் அதற்கு மேற்பட்டவையும் எக்ஸ்ஃபேட் என்ற முறையிலும் வடிவமைக்கப்பட்டே கடைக்கு வருகின்றன. பழைய தொலைக்காட்சிகள் பல எக்ஸ்ஃபேட்டை அறியா. ஃபேட்32-ஐ அறியாத தொலைக்காட்சியோ இல்லையென்றே சொல்லலாம். ஆனால் ஃபேட்32 முறையில் தனிக்கோப்பு ஒன்று 4 ஜிபியை எட்டக்கூடாது என்ற விதி உண்டு. நொடிக்கு 5 மெகாபிட் வீதம் ஓடும் அரைமணி நேரப் படம் சுமார் 1.1 ஜிபிதான் பிடிக்கும் என்பதால், சாதாரணப் பயிற்சிப் படங்களுக்கு இந்த விதி ஓர் இடையூறே அன்று. நாமே ஐஃபோனில் 4கே தரத்தில் பதிவுசெய்த வகுப்பென்றால்தான் தொல்லை. அது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி வீதம் வளர்ந்து, அரைமணி முடிவதற்குள் எல்லையைத் தாண்டிவிடும். அப்படிப்பட்டவர் பென் டிரைவைக் கணினியில் என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றிப் பார்க்கலாம்; தரத்தைக் குறைத்துப் பதிவுசெய்வது அதனினும் நலம். முழங்கால் எங்கே மடங்குகிறது என்பதைக் காண 1080பி தாராளமாகப் போதும். படங்களைப் பென் டிரைவில் வைக்காமல் எடுத்துச்செல்லும் ஹார்டு டிஸ்கில் வைத்திருப்பவர்கள், தொலைக்காட்சியின் யூஎஸ்பி துளை தரும் மின்சாரம் அதைச் சுழற்றப் போதாமல் போவதும் உண்டு என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

பென் டிரைவைத் தொலைக்காட்சி கண்டுகொண்டும் படம் சரியாக ஓடாவிட்டால், கோளாறு எங்கே என்பதை அதன் அறிகுறியைக் கொண்டே ஊகித்துவிடலாம். எம்பி4, எம்கேவி என்பவையெல்லாம் டப்பாவின் பெயர்களே தவிர உள்ளே இருக்கும் பண்டத்தின் பெயர்கள் அல்ல. ஒரே எம்பி4 டப்பாவுக்குள் காட்சி எச்.264 என்ற முறையிலும் இருக்கலாம், 2013-இல் வந்த எச்.265 என்ற முறையிலும் இருக்கலாம். குரல் கேட்கிறது, திரை மட்டும் கறுப்பாக நிற்கிறது என்றால், காட்சி அந்தப் பழைய தொலைக்காட்சிக்குப் புரியாத எச்.265 ஆக இருக்கக்கூடும். 2017 முதல் ஐஃபோன்கள் சுபாவமாகவே இந்த முறையில் பதிவுசெய்து வருவதால், சொந்தப் பதிவுகளில் இது அடிக்கடி நேர்கிறது. மாறாக, ஆசான் வாயசைக்கிறார், சத்தமே இல்லை என்றால், ஒலி டிடிஎஸ் முறையில் இருக்கக்கூடும். புதிதாக வந்த தொலைக்காட்சிகளிலேயே சில அந்த ஒலியை ஏற்பதில்லை. இரண்டு தோஷத்துக்கும் பரிகாரம் ஒன்றுதான்: ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, கோப்பை அதில் இட்டு, ‘ஃபாஸ்ட் 1080பி30’ என்ற ஆயத்த அமைப்பைத் தேர்ந்து, எம்பி4 டப்பாவில் எச்.264 காட்சியும் ஏஏசி ஒலியுமாக மாற்றி எடுத்துக்கொள்வது. சென்ற பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்து, யூஎஸ்பி வழியே படம் காட்டும் தொலைக்காட்சிகளில் இந்தச் சேர்க்கையை மறுப்பதைக் காண்பது அரிது. இரவு படுக்கப்போகும்போது மாற்றுவதற்குப் போட்டுவிட்டால் காலையில் ஆயத்தமாக இருக்கும்.

பெயரிடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கோப்புகளுக்கு 1, 2, 10 என்று எண் இட்டால், பல தொலைக்காட்சிகள் எழுத்து வரிசையைப் பின்பற்றி 1-க்கு அடுத்தபடியாக 10-ஐக் கொண்டுவந்து நிறுத்தும். உடலைப் பதப்படுத்தும் முன்பயிற்சி முடிந்தவுடன் குதிக்கும் பயிற்சி வந்து நிற்பது முழங்காலுக்கு நல்லதன்று. 01, 02 என்று எண்ணிட்டால் வரிசை குலையாது. தமிழில் பெயர் வைத்தால் சில பெட்டிகள் எழுத்துக்குப் பதிலாகக் கட்டங்களைக் காட்டுவதும் உண்டு. அத்தகைய பெட்டியோடு வழக்காடாமல் ஆங்கில எழுத்திலேயே பெயர் வைத்துவிடுவது மேல்.

பென் டிரைவின் குறைகளையும் மறைக்கலாகாது. தொலைக்காட்சியோடு பிறந்த படம்காட்டும் செயலிகள் சிலவற்றில் வேகத்தைக் குறைக்கும் வசதி கிடையாது. நேற்று விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளாதவையும் உண்டு. சூரிய நமஸ்காரத்தின் பன்னிரண்டு நிலைகளை முதன்முதலாகக் கற்கிறவருக்கு முக்கால் வேகத்தில் பார்ப்பது பெரிய அனுகூலம். உங்களுடையது ஆண்ட்ராய்டு டிவியானால் அதில் விஎல்சி செயலியை நிறுவிக்கொண்டு, அதன் வழியே பென் டிரைவைத் திறந்தால் இந்தக் குறை தீரும். பாரிஸை அடுத்துள்ள ஒரு கல்லூரி மாணவர்களின் முயற்சியாக 1996-இல் தொடங்கிய அந்த மென்பொருள், பிற செயலிகள் முகம் சுளிக்கும் கோப்புகளையும் பெரும்பாலும் திறந்துவிடும். நிமிர்த்திப் பிடித்த கைப்பேசியில் எடுத்த படத்துக்கோ எந்தச் செயலியும் உபாயம் சொல்லாது. 43 அங்குலத் தொலைக்காட்சியின் திரை சுமார் 95 சென்டிமீட்டர் அகலம். அதில் நெட்டுக்குத்தாக எடுத்த படம் நடுவே 30 சென்டிமீட்டர் அகலத்தில் ஒடுங்கி நிற்கும், இருபுறமும் இருட்டாகக் கிடக்கும். உங்கள் பயிற்சியாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வகுப்புகள் இப்படித்தான் வருகின்றன என்றால், கைப்பேசியைப் படுக்கவைத்து எடுக்கும்படி அவரிடம் விநயமாகக் கேட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது கம்பிவழி. மடிக்கணினியையும் தொலைக்காட்சியையும் எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்துவிட்டால், கணினி எதைத் திறக்குமோ அதெல்லாம் திரையில் வரும்; எந்த முறையில் பதிந்த கோப்பு என்ற விசாரமே கிடையாது. செயலிக்குள் பூட்டிய தொகுப்புகளை வாங்கியவர்களுக்கும், அந்தத் தொகுப்பைக் கணினியில் பார்க்க அனுமதி உண்டென்றால், பெரும்பாலும் இது கைகொடுக்கும். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் ‘பி’ விசையையும் சேர்த்து அழுத்தினால் காட்சியை எங்கே காட்டுவது என்று கேட்கும். காட்சி வந்தும் குரல் கணினியிலிருந்தே கேட்டால், ஒலி வெளியேறும் இடத்தையும் தொலைக்காட்சிக்கு மாற்றவேண்டும். இந்த வழியின் பிரதிகூலம் வேறிடத்தில் இருக்கிறது: நிறுத்தும் பொத்தான் மடிக்கணினியில் இருக்கிறது, மடிக்கணினி தொலைக்காட்சி அருகே மேஜைமேல் இருக்கிறது, நீங்கள் பாய்மேல் இருக்கிறீர்கள். கம்பியில்லா மௌஸ் ஒன்று வாங்கிப் பாய் ஓரத்தில் வைத்துக்கொண்டாலன்றி, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எழுந்து போகவேண்டும். நீளக் கேபிள் வாங்கிக் கணினியையே பாய்க்கு அருகில் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்கள், குதித்து இறங்கும் காலுக்குக் குறுக்கே கம்பி கிடப்பதன் அபாயத்தை யோசிக்கவேண்டும். கைப்பேசியை நேரே கேபிளால் இணைக்கலாமே என்றால், எல்லாக் கைப்பேசிக்கும் அது இயலாது. டைப்-சி துளை இருப்பதாலேயே காட்சி வெளிவந்துவிடும் என்பதில்லை. ஐஃபோன்களில் 2023-இல் வந்த 15 வரிசை முதல் அத்துளை வழியே காட்சி வெளிவரும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் வராது. ஆகவே தகுந்த கேபிளை வாங்குமுன் கைப்பேசியின் குறிப்புப் பட்டியலைப் பார்ப்பது விவேகம்.

கம்பியே இல்லாமல் காற்றில் அனுப்பும் வழி பார்வைக்குக் கவர்ச்சியானது; ஆனால் அதிலே இரண்டு வேறுபட்ட முறைகள் இருப்பதைப் பலர் உணர்வதில்லை. கைப்பேசியின் திரையை அப்படியே பிரதிபலிப்பது ஒன்று. 2012-இல் வந்த மிராகாஸ்ட் இந்த வகை, ஆப்பிள்காரர்களுடைய ஏர்பிளேயும் இதைச் செய்யும். இதில் கைப்பேசியின் திரை அணையாமல் எரிந்துகொண்டே இருக்கவேண்டும். அது சூடேறும், பாட்டரி கரையும், சம்பந்தி வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் ஆசான் மறைந்து அவர்கள் பெயர் தொலைக்காட்சியில் பெரிதாக வந்து நிற்கும், குடும்பக் குழுவின் அந்தரங்கச் செய்திகள் கூடத்தில் உள்ள அத்தனை பேரும் படிக்கும்படி மேலே மிதந்து போகும். தொந்தரவு செய்யாதிருக்கும் அமைப்பை முன்கூட்டியே போட்டுவைத்தால் இவற்றில் பாதியைத் தடுக்கலாம். ஆனால் விடியற்காலையில் அதை நினைவுகூர்வது யார்? மற்றொரு முறை, கோப்பை மட்டும் தொலைக்காட்சிக்கோ அதில் செருகிய குரோம்காஸ்ட் போன்ற சாதனத்துக்கோ ஒப்படைத்துவிட்டுக் கைப்பேசியை வெறும் ரிமோட்டாக வைத்துக்கொள்வது. விஎல்சி செயலிக்கு 2018-இல் வந்த 3.0 பதிப்பு முதல் இந்தத் திறமை உண்டு. இரண்டில் இது எவ்வளவோ மேலானது. அழைப்பு வந்தாலும் வகுப்பு நடந்துகொண்டிருக்கும். எனினும் இரண்டு சாதனமும் ஒரே வைஃபையில் இருந்தாகவேண்டும். ரௌட்டர் முன் அறையில் இருந்து, இடையே இரண்டு செங்கல் சுவர் நின்றால், காட்சி விக்கி விக்கி வரும்.

கணினியில் ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்ற மென்பொருளை நிறுவி, அதை வீட்டின் சொந்த ஒளிபரப்பு நிலையமாக்கிக்கொள்வாரும் உண்டு. படங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து, ஒரே வீட்டில் மூவர் வெவ்வேறு பயிற்சி செய்து, ஒவ்வொருவரும் எங்கே விட்டார் என்பதைத் தனித்தனியே நினைவில் வைக்கவேண்டிய நிலைமை வந்தால் அந்த ஏற்பாடு சிறப்பானது. நாலைந்து படங்களுக்காக ஒரு கணினியை இரவும் பகலும் ஓடவிடுவது மின்கட்டணத்துக்குச் செய்யும் உபசாரம்.

என்னைக் கேட்டால், தினமும் ஒரே ஐந்தாறு படங்களைச் சுற்றிச் சுற்றிச் செய்கிறவர், அதிலும் கருவிகளோடு பரிச்சயம் இல்லாத வயோதிகர், பென் டிரைவைத் தவிர வேறெதையும் நாடவேண்டாம் என்பேன். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது ஒருமுறை கோப்புகளை மாற்றி, பெயரிட்டு, செருகிக் கொடுத்துவிட்டால் பிறகு எவர் தயவும் தேவைப்படாது. பயிற்சியாளர் வாரந்தோறும் புதுவகுப்பு அனுப்புகிறார், வைஃபையும் கூடம்வரை நன்றாக எட்டுகிறது என்றால், கோப்பை ஒப்படைக்கும் காற்றுவழி பொருந்தும். எச்டிஎம்ஐ கேபிளை, எதுவும் ஓடாத நாளுக்கென்று அலமாரியில் சுருட்டிவைத்திருப்பது நல்லது. திரையைப் பிரதிபலிக்கும் முறையை விருந்தாளிகளுக்குக் கல்யாணப் படம் காட்டப் பயன்படுத்துங்கள், தேகாப்பியாசத்துக்கு வேண்டாம்.

தட்டைத் திரை வருமுன் வாங்கிய பெட்டியை வைத்திருப்பவர்களை மறந்துவிடலாகாது. 2006 முதல் தமிழக அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியை இன்னும் பழுதில்லாமல் வைத்திருக்கும் வீடும் எங்கேனும் இருக்கலாம். இத்தகைய பெட்டியில் எச்டிஎம்ஐ துளையைத் தேடிப் பயனில்லை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிற ஏவி துளைகள்தாம் இருக்கும். எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் சிறிய பெட்டி கடைகளில் கிடைக்கிறது. அதற்கென்று தனியே யூஎஸ்பி வழி மின்சாரம் கொடுக்கவேண்டும். அதைவிட எளிது, பரணில் கிடக்கும் யூஎஸ்பி துளையுள்ள டிவிடி பிளேயரைத் தூசி தட்டி எடுப்பது. அவற்றில் பெரும்பாலானவை எச்.264-ஐ அறியாதவை என்பதால், கோப்பை டிவ்எக்ஸ் முறையில் ஏவிஐ டப்பாவுக்கு மாற்றவேண்டும், அல்லது டிவிடியாகவே எழுதிக்கொள்ளவேண்டும். நம் நாட்டு டிவிடியின் காட்சி அளவு 720-க்கு 576 புள்ளிகள். 14 அங்குலத் திரைக்கு அந்தத் துல்லியம் போதும். ஆசான் முதுகை வளைக்கிறாரா, இடுப்பை மட்டும் மடக்குகிறாரா என்பது அதிலும் தெரியும், பாயை மட்டும் சற்று முன்னே இழுத்துப் போட்டுக்கொள்ளவேண்டும்.